மிளகு மணக்கும் சிரா: இப்போதே திறப்பதா, இன்னும் வைத்திருப்பதா?

வாசகர் கேள்வி: வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து பாரிசுக்குப் பக்கத்தில இருக்கிறன். 18 வருசமாய் ஒரே உணவகத்தின்ர குசினியிலதான் வேலை. போன மாதம் முதலாளி இளைப்பாறினார். போகேக்க எனக்கு ஆறு போத்தல் சிவப்பு வைன் தந்தவர். எல்லாம் சிரா எண்ட திராட்சையில செய்தது. குரோஸ் எர்மிதாஷ் 2021 இரண்டு, கோர்னாஸ் 2016 இரண்டு, சேன் ஜோசெஃப் 2008 ஒண்டு, கோத் ரொத்தி 2010 ஒண்டு. அந்தக் கடைசிப் போத்தல் என்ர மகள் பிறந்த வருசம். அதுக்காகவே தேடி எடுத்துத் தந்தவர். எங்கட இடத்தில பரிமாறுற பெடியன், "சிராவை இளசாய்க் குடிச்சிட வேணும், வைச்சால் மிளகு வாசம் போயிடும்" எண்டு சொல்றான். இன்னொரு பெரியவர், "15 வருசத்துக்கு முதல் திறக்கிறது பாவம்" எண்டு சொல்றார். நான் ஆர் சொல்றதைக் கேக்கிறது? இப்ப ஆறும் குசினி அலுமாரிக்கு மேல இருக்கு.

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அந்த ஆறு போத்தலையும் அலுமாரி மேலிருந்து இறக்கிவிடுங்கள். சமையல் சூடு மேலேதான் போய்த் தங்கும். சூடேறினால் ஒயின் விரிந்து தக்கையை வெளியே தள்ளும்; இரவில் குளிர்ந்து சுருங்கும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படியே ஒரு கோடைகாலம் போனால் இளசா முதிர்ந்ததா என்ற கேள்விக்கே இடமிருக்காது. உங்கள் கட்டடத்துக்குக் கீழே காவ், அதாவது நிலவறை, இருந்தால், வெந்நீர்க் குழாய் போகாத மூலையாகப் பார்த்துப் படுக்கவைத்து அடுக்குங்கள். காவ் இல்லையென்றால், வீட்டிலேயே வெயில் படாத அறையில், துணி அலுமாரியின் அடித்தட்டு போதும். 12, 13 பாகை இருந்தால் நல்லது. அந்தக் குளிர்ச்சி கிடைக்காவிட்டாலும் சூடு ஏறி ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தால் அதுவே பாதிக் காப்பு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் லியோனில் சொம்மெலியேயாக, அதாவது உணவகத்தில் ஒயினைத் தேர்ந்து பரிமாறுபவராக, வேலை பார்க்கிறேன். உங்கள் போத்தல்களில் இருக்கும் நான்கு பெயர்களும் ஒயின் விளையும் இடங்களின் பெயர்கள். எல்லாம் இங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத் தூரம்தான். அந்தப் பெடியனும் பெரியவரும் சொன்ன அதே இரண்டு வாக்கியங்களை, அதே அழுத்தத்தோடு, மேசைக்கு மேசை கேட்டிருக்கிறேன். இருவருமே அவரவர் கையில் வந்த போத்தலைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், திராட்சையின் பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாப் போத்தலுக்கும் ஒரே ஆயுள் என்று இருவரும் நினைத்துவிடுகிறார்கள்.

புதுச்சேரியில் என் பாட்டி இரண்டு பானையில் புளி வைத்திருப்பார். ஒன்றில் அந்த வருடத்துப் புதுப்புளி. இன்னொன்றில் உப்புப் போட்டு உருட்டிய, கறுத்துப்போன பழம்புளி. ரசத்துக்குப் புதுசு, வத்தக்குழம்புக்குப் பழசு. ஒரு பானையைக் காட்டி இதுதான் உயர்ந்தது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எல்லாப் புளியையும் பழம்புளிக்கு எடுக்கமாட்டார். சதைப்பற்றுள்ளதாகப் பார்த்துத்தான் ஒதுக்குவார். சிராவும் அப்படித்தான். சதைப்பற்று உள்ளதுதான் காலம் தாங்கும்.

பெடியன் சொன்ன மிளகு வாசத்தைப் பார்ப்போம், ஏனென்றால் சிராவை மற்ற திராட்சைகளிலிருந்து பிரித்துக் காட்டுவதே அதுதான். அது வெறும் உவமை இல்லை. ஆஸ்திரேலியாவின் ஒயின் ஆய்வுக் கழகத்தினர் 2008இல் அந்த மணத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். அதன் பெயர் ரோட்டண்டோன். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கருமிளகுக்கு மணம் தருவதும் அதே பொருள்தான். சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் 16 பங்கு! ஆனாலும் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது எவ்வளவு இருந்தாலும் தெரிவதில்லை. எனவே குரோஸ் எர்மிதாஷைத் திறக்கும் அன்று ஒரு சோதனை செய்து பாருங்கள். நான்கு மிளகை உரலில் ஒரே ஒரு தட்டுத் தட்டி, ஒரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். முதலில் அதை முகருங்கள், பிறகு ஒயினை முகருங்கள். வீட்டில் எல்லோரையும் முகரச் சொல்லுங்கள். "ஓம், அதே வாசம்தான்" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "எனக்கு ஒண்டும் தெரியேல்ல" என்று சொன்னால் இருவர் சொல்வதும் உண்மை.

அந்த மிளகு திராட்சையின் தோலில் இருக்கிறது. குளிர்ச்சியான வருடங்களில், மெதுவாகப் பழுக்கும்போது அதிகம் சேரும். வெயில் கொளுத்தும் வருடங்களில் குறைந்து, பழப்பாகின் வாசம் முன்னே வந்துவிடும். வைத்திருந்தால் மிளகு போய்விடும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 15 வருடம் தாண்டிய நல்ல சிராவிலும் மிளகை முகர்ந்திருக்கிறேன். உண்மையில் போவது வேறு: புதுப் பழத்தின் துடிப்பு, வயலட் பூ வாசம், கண்ணாடியில் ஒட்டும் அந்த ஊதா நிறம். பெடியனுக்குப் பிடித்தது இவைதான் என்றால், சீக்கிரம் குடிக்கச் சொல்வது அவன் நாக்குக்கு முழு நியாயம்.

முதிரும்போது உள்ளே என்ன நடக்கிறது? தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்புப் பொருள்கள் நிறப்பொருள்களோடு சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி மண்டியாக அடியில் படியும். வாயை இறுக்கிப் பிடித்த துவர்ப்பு தளர்ந்து வழவழப்பாகும். ஊதா சிவப்பாகி, ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும். பழ வாசம் பின்வாங்க, தோல், புகை, மழைக்குப் பிந்திய காட்டுத்தரை, காய்ந்த தேயிலை என்று வேறு மணங்கள் முன்னே வரும். இதற்கெல்லாம் ஈடுகொடுக்க ஆரம்பத்திலேயே துவர்ப்பும் புளிப்பும் சாரமும் வேண்டும். இல்லாத ஒயினை வைத்திருந்தால் பழம் மட்டும் போகும், அந்த இடத்தை நிரப்ப வேறொன்றும் வராது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பெட்டி கோர்னாஸ். 2009இல் விளைவித்தவரிடமே நேரில் போய் வாங்கிய ஆறு போத்தல், 2006ஆம் வருடத்துச் சரக்கு. அப்போது வேலையில் நான் புதுசு, அந்தப் பணம் எனக்குப் பெரிய பணம். ஆவலை அடக்க முடியாமல் இரண்டை அந்த வருடமே திறந்தேன். மை போல் கறுப்பு. கருப்பு ஆலிவ், நாவற்பழத்தை நினைவூட்டும் பழச்சாறு, மிளகு, கொஞ்சம் இரத்த வாடை. துவர்ப்போ கொட்டைப்பாக்கை மென்றதுபோல் கன்னத்தை உள்ளே இழுத்தது. ஆனாலும் ஆட்டிறைச்சியோடு அருமையாகப் போனது.

2012இல் மூன்றாவதைத் திறந்தேன். வாசமே இல்லை. மிளகும் இல்லை, பழமும் இல்லை. வெறும் துவர்ப்பும் புளிப்பும், கதவைச் சாத்திக்கொண்ட வீட்டு வாசலில் நிற்பதுபோல். போத்தல் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அரைப் போத்தலைத் தக்கையால் மூடிவைத்துவிட்டு, மறுநாள் இறைச்சியில் ஊற்றலாம் என்று எடுத்து முகர்ந்தால், ஆலிவும் மிளகும் திரும்பி வந்திருந்தன! ஒயின் கெடவில்லை, மூடிக்கொண்டிருந்தது. இங்கே ஒயின்காரர்களும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், "மூடிக்கொண்டது" என்று. வலுவான சிராக்கள் பல, நாலைந்து வயதிலிருந்து எட்டொன்பது வயதுவரை இப்படி வாய் திறக்காமல் இருப்பதுண்டு. எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பது போத்தலுக்குப் போத்தல் மாறும்.

2016இல் நான்காவது பாதி திறந்திருந்தது. 2021இல் ஐந்தாவது. அதை ஒரு நவம்பர் மாலை ஏழு மணிக்குத் திறந்தேன். ஓரத்தில் பழுப்பேறிய சிவப்பு. முதலில் அணைந்த விறகின் வாசம். ஒரு மணி நேரம் கழித்துப் புதுச் செருப்பின் தோல், ஈரச் சருகு, அதற்கு அடியில் மிளகு. ஒன்பது மணிக்கு, ஊற்றி மறந்துபோன ஒரு குவளையின் அடியில் காய்ந்த ரோசாப்பூ. துவர்ப்பு இருந்தது, ஆனால் நாக்கைத் தொட்டுவிட்டு நகர்ந்தது. அந்தப் பெட்டியில் நான் இழந்த போத்தல் 2009இல் திறந்தது இல்லை, 2012இல் திறந்தது. "சீக்கிரம் திறந்துவிட்டேனே" என்று வருந்துகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: மிக இளசாகத் திறப்பதில் பெரிய நட்டம் இல்லை. நட்டமெல்லாம் நடுவயதில் காற்றுக் காட்டாமல் திறப்பதில்தான். ஆறாவது இன்னும் என் நிலவறையில் இருக்கிறது.

ஊர்களுக்கு வருவோம். வியேன் நகரிலிருந்து தெற்கே வாலான்ஸ் வரை ரோன் ஆற்றின் இரு கரையிலும் உள்ள சரிவுகள்தான் சிராவின் தாய்வீடு. இங்கே சிவப்பு ஒயினுக்கு அனுமதிக்கப்பட்ட சிவப்புத் திராட்சை சிரா ஒன்றுதான். (பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்ற கதையை உணவகத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1998இல் மரபணுச் சோதனை அதை முடித்துவைத்தது. தந்தை துய்ரேசா, தாய் மோந்தேஸ் பிளான்ஷ்; இரண்டும் தென்கிழக்குப் பிரெஞ்சுத் திராட்சைகள்.)

குரோஸ் எர்மிதாஷ் இந்தப் பகுதியிலேயே மிகப் பரந்தது. பெரும்பகுதி கூழாங்கல் நிறைந்த சமவெளி. பழமும் மிளகுமாக, முகம் காட்டி வரவேற்கும் ஒயின். மூன்று முதல் ஆறு வயதுக்குள் இது தன் உச்சத்தில் இருக்கும். சேன் ஜோசெஃப் எதிர்க்கரையில் 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பதால் தரமும் ஊருக்கு ஊர் மாறும். தூர்னோன், மோவ் பக்கத்துக் கருங்கல் சரிவுகளில் விளைந்தது 10 வருடம் தாண்டியும் நிற்கும், மற்றவை ஐந்தாறு வருடத்தில் முடிந்துவிடும்.

கோர்னாஸ் வேறு பிறவி. வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்று எட்டாத, கிண்ணம்போல் குழிந்த செங்குத்துக் கருங்கல் சரிவு. பெயருக்கே "எரிந்த மண்" என்று பொருள் சொல்வார்கள். எர்மிதாஷிலும் கோத் ரொத்தியிலும் கொஞ்சம் வெள்ளைத் திராட்சை சேர்க்க அனுமதி உண்டு. கோர்னாஸில் அதுவும் கிடையாது, நூற்றுக்கு நூறு சிரா. எனவே துவர்ப்பும் அதிகம், பொறுமையும் அதிகம் கேட்கும். கோத் ரொத்தி என்றால் "வறுபட்ட சரிவு". அங்கே வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்த்துப் புளிக்கவைக்கலாம், நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே சேர்ப்பார்கள். அதனால் இளமையிலேயே பூவாசம் கமழும். ஆனால் அந்த மென்மையை நம்பி ஆயுள் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

குரோஸ் என்ற முன்பெயர் இல்லாத தனி எர்மிதாஷ் உங்கள் பெட்டியில் இல்லை என்றாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. தேன் லெர்மிதாஷ் என்ற ஊருக்கு மேலே நிற்கும் ஒரே ஒரு குன்று, சுமார் 135 ஹெக்டேர்தான். பெரியவர் சொல்லும் 15 வருடக் கணக்கு உண்மையில் இந்தக் குன்றுக்குப் பொருந்தும். போல் ஜபூலே நிறுவனத்தின் 1961ஆம் வருடத்து லா ஷப்பெல், இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த சிவப்பு ஒயின்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுவது, இந்தக் குன்றில் விளைந்த சிராதான். அந்த ஒரு சிகரத்தைப் பார்த்து எல்லாச் சிராவையும் பூட்டிவைப்பதுதான் வினை. லாங்குதோக் பக்கத்திலிருந்து வரும் "பேய் தோக்" சிராவைச் சூப்பர் மார்க்கெட்டில் ஏழெட்டு யூரோவுக்கு வாங்கி 10 வருடம் வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை வாங்கிய வருடமே குடித்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

உங்கள் ஆறு போத்தலுக்கு என் தீர்ப்பு இதுதான்.

குரோஸ் எர்மிதாஷ் 2021 இரண்டையும் இந்த வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். 2021 ஏப்ரலில் இரவுப் பனி விழுந்து பிரான்ஸ் முழுவதும் கொடிகள் கருகின. அதன் பின் வந்த கோடையும் குளிர்ச்சியானதே. ரோனில் விளைந்தது குறைவு, ஒயினும் ஒல்லி. ஆனால் மிளகு மணம் அள்ளும். எனக்கு அந்த வருடம் மிகவும் பிடிக்கும், 2018 போன்ற சூடான வருடத்துப் பருமனான ஒயின்களைவிடப் பிடிக்கும். வைத்திருந்து இதில் பெறுவதற்கு ஒன்றுமில்லை.

கோர்னாஸ் 2016 நல்ல சமநிலை உள்ள வருடம். முந்தைய 2015 அளவுக்குப் பருமன் இல்லை, புத்துணர்ச்சி அதிகம். மூடிக்கிடக்கும் பருவத்திலிருந்து இப்போது வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒன்றை இந்தக் குளிர்காலத்தில் திறங்கள். அது என்ன நிலையில் இருக்கிறது என்று நாலு வரி எழுதிவையுங்கள். இன்னும் இறுக்கமாக இருந்தால் மற்றதை 2030 வரை விடுங்கள். பட்டுப்போல் இருந்தால் அடுத்த வருடமே எடுங்கள். அந்த இரண்டாவது போத்தலுக்கு நாள் குறிக்க, நீங்கள் எழுதிய நாலு வரிதான் நான் சொல்லும் எந்தக் கணக்கையும்விடச் சரியான வழிகாட்டி.

சேன் ஜோசெஃப் 2008 பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அறுவடைக்கு முன் மழை கொட்டிய வருடம் அது. சீக்கிரம் குடிக்க வேண்டிய மெல்லிய ஒயின்கள்தான் பெரும்பாலும் வந்தன. அதன் நல்ல காலம் போயிருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். அதனால் முதலில் திறக்க வேண்டியது இதுதான், விருந்தாளிகள் இல்லாத ஒரு நாளில். விளைவித்தவர் கெட்டிக்காரராக இருந்தால் இன்னும் ஒரு மெல்லிய தேயிலை மணமும் சருகு வாசமும் மிச்சம் இருக்கும். முதிர்ந்த சிராவின் சுவை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. அது மிக முக்கியம். சருகும் தோலும் மணக்கும் ஒயின் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. என் கணவர் 20 வருடமாக என்னோடு சேர்ந்து சுவைத்துவிட்டு, இன்றும் இளசைத்தான் கேட்பார். அவருக்குச் சுவை தெரியாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கோத் ரொத்தி 2010. தம்பி, உங்கள் முதலாளி உங்களை மிகவும் மதித்திருக்கிறார். பூக்கும் பருவத்தில் காய்பிடிப்பு குறைந்து, விளைச்சல் சுருங்கி, சாரம் கூடிய வருடம் அது. புளிப்பும் துவர்ப்பும் பழமும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. வடக்கு ரோனில் இந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த வருடங்களில் ஒன்று என்பதில் இங்கே யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. 2028இல் உங்கள் மகளுக்கு 18 வயது. அதுவரை அதைத் தொடவே வேண்டாம். ஒழுங்காக வைத்திருந்தால் அன்று அது மிக நல்ல வயதில் இருக்கும்.

திறக்கும் முறை இளசுக்கும் பழசுக்கும் நேர் எதிர். குரோஸும் கோர்னாஸும் திறந்தவுடன் தீக்குச்சி கிழித்த வாசமோ ரப்பர் வாசமோ அடித்தால் பயப்படாதீர்கள். சிரா காற்றில்லாமல் அடைந்து கிடந்தால் இப்படி மணக்கும், காற்றுப் பட்டதும் போய்விடும். குரோஸை அரை மணி நேரம், கோர்னாஸை இரண்டு மணி நேரம் அகலமான கராஃபில், அதாவது கண்ணாடிக் குடுவையில், ஊற்றிவையுங்கள், ஊற்றும்போது நன்றாகச் சிதறட்டும். ஆனால் ஈரமான அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் அது தக்கைக் கோளாறு. காற்றுப் பட்டாலும் போகாது, நேரம் ஆக ஆகக் கூடும். அதற்கு மருந்து இல்லை.

பழைய போத்தலுக்கு அந்த முரட்டுத்தனம் ஆகாது. முதல் நாளே நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் இறங்கவிடுங்கள். தக்கை நொறுங்கக்கூடும், திருகைக் கடைசிவரை நேராக இறக்கி மெதுவாக இழுங்கள். சாப்பிட உட்காரும்போதுதான் திறக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, நூல் இழைபோல் ஊற்றி, மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசி இரண்டு விரற்கடையை ஆசைப்பட்டு ஊற்றினால் முழுக் குவளையும் கலங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் 16 பாகை போதும். குளிர்காலத்தில் கணப்பு ஓடும் வீட்டில் அறைச் சூடே 21, 22 வரை இருக்கும். அந்தச் சூட்டில் மதுச்சாரம் மூக்கில் ஏறி மிளகையும் பூவையும் மறைத்துவிடும். முன்கூட்டியே முக்கால் மணி நேரம்போல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டில் இறைச்சிக் கறி இல்லாமல் இந்தப் போத்தல்கள் திறக்கப்படும் என்று நான் நம்பவில்லை, அதனால் சொல்கிறேன். வறுத்து இடித்த மிளகாய்த்தூளின் உறைப்பு துவர்ப்பையும் மதுச்சாரத்தையும் இரண்டு மடங்காக்கிக் காட்டும். வாய் எரியும், ஒயின் கசக்கும். ஆட்டிறைச்சிப் பிரட்டலில் அன்றைக்கு மட்டும் மிளகாய்த்தூளைப் பாதிக்கும் கீழே குறைத்து, மிளகைக் கூட்டுங்கள். தேங்காய்ப்பால் கொஞ்சம் தாராளமாக. அதற்குக் குரோஸ் எர்மிதாஷைச் சற்றுக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள். கறியின் மிளகும் ஒயினின் மிளகும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும். கோர்னாஸுக்கு எலும்போடு மணிக்கணக்கில் வெந்த தொடைக்கறி. கோத் ரொத்திக்கு மட்டும் கறித்தூள் வேண்டாம். உப்பும் கொஞ்சம் ரோஸ்மேரியும் போட்டு ஓவனில் வாட்டிய ஆட்டுக்கால் போதும். 18 வருட முதிர்ச்சியில் வரும் அந்த மெல்லிய மணங்கள் நம் தாளிப்புக்கு முன்னால் நிற்காது.

கடைசியாக ஒன்று. நான் மேலே சொன்ன வருடக் கணக்கெல்லாம் போத்தல் இதுவரை எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. இந்த வாரமே உங்கள் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்து, அந்தக் கோத் ரொத்தியை எந்த வருடம் வாங்கினார், எங்கே வைத்திருந்தார் என்று கேளுங்கள். போத்தலையும் வெளிச்சத்தில் நிமிர்த்திப் பாருங்கள். ஒயின் மட்டம் கழுத்தில் இருக்கிறதா, தோள்வரை இறங்கிவிட்டதா, மூடித்தகட்டின் ஓரத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். வாங்கிய நாளிலிருந்து குளிர்ந்த காவில் படுத்திருந்தது, மட்டமும் குறையவில்லை என்றால், மகளின் 18ஆவது பிறந்தநாளுக்குத் துணிந்து வைக்கலாம், அதற்கு மேல் இன்னும் சில வருடங்கள்கூடத் தாங்கும். உணவகத்துப் பரிமாறும் தட்டிலேயே வருடக்கணக்கில் நின்றிருந்தது என்றால் 2028வரை வைத்திருக்க வேண்டாம். மகளின் அடுத்த பிறந்தநாளிலேயே திறந்துவிடுங்கள். அன்று முதலாளியையும் வீட்டுக்கு அழையுங்கள்.